செடியைக் குள்ளமாக்கிய கடற்பஞ்சு

கீழவைப்பாரில் சங்கு குளிப்பவர்களுக்குக் கடற்பஞ்சு புதிதல்ல. கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக ஒட்டிக் கிடக்கும். அதில் கிளியோனா என்ற பேரினத்துக்கு மட்டும் கெட்ட பெயர்; சங்கு, முத்துச்சிப்பி ஓடுகளைத் துளைத்துக்கொண்டு உள்ளே குடியேறிவிடும். பக்கத்து வேப்பலோடையில் 1970களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முத்துச்சிப்பி வளர்த்தபோதும் அது தொல்லை கொடுத்தது. மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா இரண்டிலுமாக 275 வகைக் கடற்பஞ்சுகளை அதே நிலையத்தின் பி.ஏ. தாமஸ் 1980களில் பதிவு செய்தார். பஞ்சு என்றாலே தொல்லை என்று ஒதுக்குவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பார்க்கச் செடிபோல இருந்தாலும் கடற்பஞ்சு விலங்குதான். உடலெங்கும் உள்ள துளைகள் வழியாகக் கடல்நீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும். கடிக்க வரும் மீனிடமிருந்து ஓட முடியாது. அதனால் பல வகைகள் நஞ்சை வைத்தே பிழைக்கின்றன. செங்கடலில் முன்பு லாட்ரன்குலியா என்று பெயரிடப்பட்டிருந்த சிவப்புப் பஞ்சு ஒன்று உண்டு. அதைப் பிழிந்தால் வரும் செந்நீர் பட்டதும் மீன்கள் விலகி ஓடும். அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தவர்கள் இஸ்ரேலின் யோயல் காஷ்மன் குழுவினர். லாட்ரன்குலின் என்று பெயர் வைத்தார்கள். உயிரணுவுக்குள் அது எதைத் தாக்குகிறது என்பது 1983இல் தெரியவந்தது: ஆக்டின்.

ஆக்டின் என்ற புரதம் மணிமணியாக இருந்து, கோத்துக் கோத்து இழையாகும். அந்த இழைகள் உயிரணுவின் உள்கட்டமைப்பில் ஒரு முக்கியப் பகுதி. சரக்கு போய்வரும் பாதையாகவும் அவை உதவுகின்றன. லாட்ரன்குலின் தனி மணி ஒவ்வொன்றையும் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட மணியைக் கோக்க முடியாது. இழையோ எப்போதும் அவிழ்ந்துகொண்டும் சேர்ந்துகொண்டும் இருப்பது; புது மணி வராவிட்டால் சிறிது நேரத்தில் காணாமல் போகும்.

மீனை விரட்டும் நஞ்சுக்குச் செடியிடம் என்ன வேலை? மீனுக்கும் செடிக்கும் ஆக்டின் ஏறக்குறைய ஒன்றே. விளாத்திகுளம் கரிசலில் விளையும் மக்காச்சோளத்தையே எடுத்துக்கொள்வோம். கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழையில் மகரந்தம் விழுந்தால், அதிலிருந்து ஒரு குழாய் முளைத்து, இழைக்குள்ளேயே சில சமயம் ஒரு சாண் தூரம் இறங்கிச் சூலை அடைய வேண்டும். அத்தனை நீளக் குழாயும் ஒரே உயிரணு! 1999இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஸ்டைகர் குழுவினர் மக்காச்சோள மகரந்தத்துக்கு லாட்ரன்குலின் கொடுத்துப் பார்த்தார்கள். முளைப்பை நிறுத்தத் தேவைப்பட்டதைவிட மிகக் குறைந்த அளவிலேயே குழாயின் வளர்ச்சி நின்றுபோனது.

என்னை வியக்கவைப்பது 2001இல் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து ஃபிரான்டிஷெக் பலூஷ்கா குழுவினர் வெளியிட்ட முடிவு. அரபிடாப்சிஸ் என்ற சிறு செடி, ரை என்ற தானியம் இரண்டின் விதைகளையும் லாட்ரன்குலினில் முளைக்கவிட்டார்கள். நாற்று செத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். சாகவில்லை. வேரும் தண்டும் இலையும் உரிய இடத்தில் உரிய வடிவில் வந்தன. செடி மட்டும் குள்ளம். விலங்கின் உயிரணு இரண்டாகப் பிரிய ஆக்டின் வளையம் நடுவில் இறுக வேண்டும். செடியோ நடுவே புதுச் சுவர் எழுப்பிப் பிரிந்துகொள்கிறது. அதனால் ஆக்டின் இழைகள் போன பிறகும் பிரிதல் நடந்தது. சுவர் பல இடங்களில் கோணலாக விழுந்ததுதான் மிச்சம். நீள்வது மட்டும் முடியவில்லை. செடி வடிவம் பெறுவதும் நீண்டு வளர்வதும் வேறு வேறு வேலைகள் என்று, எந்த மரபணுவையும் தொடாமலே ஒரு கடற்பஞ்சின் நஞ்சு பிரித்துக் காட்டிவிட்டது.

பசிபிக் கடலின் ஜாஸ்பிஸ் என்ற பஞ்சு தரும் ஜாஸ்பிளாகினோலைடு இதற்கு நேரெதிர்: கோத்த இழையை அவிழவே விடாது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு 2006இல் பிரிட்டனில் வயல் பாப்பிச் செடியை ஆராய்ந்தார்கள். இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. சூலகமுடியில் விழுந்த சொந்த மகரந்தத்தின் ஆக்டின் இழைகள் குலைந்து, பிறகு அது மடியும். குலைவதுதான் சாவுக்குக் காரணமா, சாவின் விளைவா? லாட்ரன்குலின் இழைகளைக் குலைத்ததுமே, வேறு தூண்டுதல் இல்லாமலே மகரந்தம் மடியத் தொடங்கியது. ஜாஸ்பிளாகினோலைடு கொடுத்தபோது சொந்தச் செடி விதித்த சாவிலிருந்தே பல தப்பின.