தாதிக்கு எதற்குக் கலாநிதிப் பட்டம்?

ஊசி போடவும் காய்ச்சல் பார்க்கவும் கலாநிதிப் பட்டம் வேண்டுமா என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். டாக்டர் சொல்வதைச் செய்பவரே தாதி என்ற பழைய எண்ணம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. இலங்கையின் படிப்பு முறையோ அந்த எண்ணத்தைத் தாண்டிவிட்டது. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்றாண்டு டிப்ளோமா நடக்கிறது. வேலையிலிருக்கும் தாதியர் பட்டம் பெறுவதற்கான வழியைத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் திறந்தது. ஹந்தானை மலையடிவாரத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில், தாதியியல் நான்காண்டுப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. இளமாணிக்கு மேலே ஏறுகிறவர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இப்போது பேச வேண்டிய விஷயம். அவர் வாட்டுக்கே திரும்பி, அதை மாற்றும் அதிகாரத்தோடு நிற்க வேண்டும் என்பது என் வாதம்.

தாதியியலில் கலாநிதிப் பட்டம் இரண்டு வகை. ஒன்று புதிய அறிவைத் தேடும் ஆய்வுப் பட்டம். மற்றது, ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட அறிவை நோயாளியின் கட்டில்வரை கொண்டு சேர்க்கும் தொழில்சார் பட்டம். தலைமைத்துவமும் புத்தாக்கமும் அதன் பாடங்கள். இந்த இரண்டாவது வகையை உயர்நிலைத் தாதியருக்கு உரிய படிப்பாக்க வேண்டும் என்று அமெரிக்கத் தாதியியல் கல்லூரிகளின் சங்கம் 2004இல் பரிந்துரைத்தது. இளமாணிக்குப் பிறகு குறைந்தது 1,000 மணிநேரம் களப்பயிற்சி பெற வேண்டும் என்பது சங்கம் 2006இல் வகுத்த நிபந்தனை. படுக்கைப் புண் ஏன் ஒரு வாட்டில் மட்டும் அதிகம், கடமை மாறும் நேரத்தில் எந்தத் தகவல் தவறிப்போகிறது போன்ற கேள்விகளுக்கு அளந்து விடை காண்பதும், அந்த விடையை நடைமுறையாக்குவதும் இப்படிப்பின் வேலை.

படிப்பால் உயிர் காக்கப்படுமா? 2014இல் ‘லான்செட்’ இதழில் லிண்டா எய்க்கன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 ஆஸ்பத்திரிகளைப் பார்த்தது. பட்டதாரித் தாதியர் விகிதம் 10 சதவீதம் கூடிய இடங்களில், சத்திரசிகிச்சைக்குப் பிறகு 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அதே அளவு அபாயம் கூடியது. இது இளமாணிப் பட்டம் பற்றிய ஆய்வு. கலாநிதிப் பட்டத்துக்கு நேரடிச் சான்றாகாது. தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிரூபிக்கவுமில்லை. ஆனாலும் தாதியின் அறிவு ஆஸ்பத்திரியின் பலனோடு சம்பந்தமில்லாதது என்று இனிச் சொல்வது கடினம். அந்தப் பட்டதாரிகளுக்குக் கற்பிக்கவும், இத்தகைய ஆய்வை இங்கே நடத்தவும் கலாநிதிகள் வேண்டும்.

இங்கே நடத்த வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. 2022 மார்ச் இறுதியில், டொலர் தட்டுப்பாட்டால் மருந்து இல்லாமல், பேராதனைப் போதனா வைத்தியசாலை அவசரமல்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. இருப்பது குறையும்போது கையிலிருப்பதை எப்படிப் பங்கிடுவது, தள்ளிப்போடப்பட்ட நோயாளியை யார் கவனிப்பது என்ற கேள்விகளுக்கு வசதியுள்ள நாட்டுப் பாடநூலில் விடை இராது. அதுபோலவே, தோட்டத்திலிருந்து வரும் தமிழ் நோயாளிக்குச் சிங்களத்தில் எழுதிய மருந்துக் குறிப்பு எவ்வளவு புரிகிறது என்பதும் ஆராய வேண்டிய விஷயம். நாள் முழுக்க நோயாளியின் பக்கத்தில் நிற்பவருக்கே இவை முதலில் கண்ணில் படும்.

கட்டிலருகே ஆளே போதாதபோது படிக்க அனுப்பலாமா, படித்தவர் வெளிநாடு போய்விட மாட்டாரா என்று கேட்பார்கள். இரண்டும் நியாயமான கவலைகள். ஆனால் டிப்ளோமாவோடும் போகிறார்கள். படிப்பை மூடினால் பயணம் நிற்காது. படித்ததைப் பயன்படுத்த இடமில்லாமை வெளியே தள்ளும் காரணங்களில் ஒன்று. அனுபவம் போதாதா என்றும் கேட்கலாம். அனுபவம் பிரச்சினையைக் காட்டும். தன் தீர்வுதான் பலன் தந்ததா என்று சோதிக்க முறை தெரிய வேண்டும். கிரிமியப் போரில் தாதியாக அனுபவப்பட்ட புளோரன்ஸ் நைட்டிங்கேல், 1858இல் மரணக் கணக்கை வரைபடமாக்கித்தான் இராணுவ ஆஸ்பத்திரிகளின் சுகாதாரச் சீர்திருத்தத்துக்கு வாதாடினார்.

ஆகவே பட்டத்தை மட்டும் தொடங்கினால் போதாது. வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படிக்க வழி வேண்டும். ஆய்வுத் தலைப்பு அவரவர் வாட்டிலிருந்து வர வேண்டும். முடித்தவருக்கு ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் வாக்குள்ள பதவியும், பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் பொறுப்பும் சேர்த்துத் தரப்பட வேண்டும். பீடமும் போதனா வைத்தியசாலையும் அருகருகே இருக்கும் பேராதனையில் இதைச் செய்து பார்ப்பது மற்ற இடங்களைவிட எளிது. பதவியில்லாத பட்டம் சுவரில் தொங்கும் சான்றிதழோடு நின்றுவிடும். அந்தப் பதவியை உருவாக்க அமைச்சு தயாரா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.