கறிவேப்பிலைத் தொட்டிக்கு எதற்கு விஷம்?

மும்பை தாராவியில் ஒற்றை அறை வீட்டு ஜன்னல் கம்பியில்கூட ஒரு துளசியும் கறிவேப்பிலையும் இருக்கும். செம்பூரில் கொஞ்சம் இடம் கிடைத்தால் செம்பருத்தி, பப்பாளி எல்லாம் சேர்ந்துகொள்ளும். இலையில் வெள்ளையாக ஏதாவது படிந்துவிட்டால் போதும், மூட்டைப்பூச்சிக்கு வாங்கிய மருந்தில் மிச்சமிருப்பதைத் தண்ணீரில் கலந்து அடித்துவிடுகிறார்கள். அந்தக் கறிவேப்பிலைதான் அடுத்த நாள் ரசத்தில் விழுகிறது. இந்தப் பழக்கம் நிற்கவேண்டும்.

வெள்ளையாகப் படியும் பூச்சிகளில் பல வெளிநாட்டிலிருந்து வந்தவை. பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்தைச் சேர்ந்தது. 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் சூறையாடியது. சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் கண்டறியப்பட்டது. மும்பைச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களும் மாவுப்பூச்சியால் கிளை கிளையாகக் காய்ந்திருக்கின்றன.

இந்தப் பூச்சிகளைத் தின்னும் எதிரிகள் கூடவே வராததால்தான் இத்தனை பெருக்கம். 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகே பப்பாளி மாவுப்பூச்சி அடங்கியது. சுருள் வெள்ளை ஈக்கும் என்கார்சியா என்ற குளவி எதிரியாக வாய்த்திருக்கிறது. குண்டூசித் தலையைவிடச் சிறிய உயிர் அது. கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். மெழுகுப் பூச்சுக்குள் இருக்கும் வெள்ளை ஈக் குஞ்சு தப்பிப் பிழைத்து மறுபடி பெருகும்.

வெள்ளை ஈ, அசுவினி போன்றவற்றுக்கு மஞ்சள் நிறத்தின்மேல் ஓர் ஈர்ப்பு உண்டு. காலியான மஞ்சள் எண்ணெய் கேனின் பக்கத்தை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மஞ்சள் கேன் இல்லையென்றால் எந்த பிளாஸ்டிக் அட்டையிலும் மஞ்சள் பெயின்ட் அடிக்கலாம். இருபுறமும் விளக்கெண்ணெயோ வாசலினோ மெல்லப் பூசி, செடியின் நுனி உயரத்தில் குச்சியில் கட்டுங்கள். இலையைத் தட்டினால் பறக்கும் ஈக்கள் போய் ஒட்டிக்கொள்ளும். தூசி படிந்ததும் துடைத்துவிட்டு மறுபடி பூசவேண்டும். மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்யவேண்டியிருக்கும்.

எலிக்கு வைக்கும் பசை மட்டும் வேண்டவே வேண்டாம். தேன்சிட்டும் பல்லியும் அதில் மாட்டினால் மீளாது. விளக்கெண்ணெய் அட்டையைச் சுற்றியும் பெரிய கண் வலை கட்டுவது நல்லது. மஞ்சள் நிறம் நல்ல குளவிகளையும் இழுக்கும். ஆகவே தொட்டிக்கு ஓர் அட்டை போதும், ஈ குறைந்ததும் எடுத்துவிடுங்கள்.

மாவுப்பூச்சிக்கு இந்தப் பொறி உதவாது. அதன் பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. செம்பருத்தித் தண்டை உற்றுப் பாருங்கள், எறும்பு வரிசையாக ஏறும். மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. தண்டில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினால் எறும்பின் வழி அடைபடும். பழைய டூத்பிரஷ்ஷால் பூச்சியைத் தேய்த்து எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் தெளித்து, கருகுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் பொறியும் உண்டு. மும்பை மழைக்காலத்தில் அதை மறந்துவிட்டால் டெங்கு கொசு முட்டையிடும். கொசு வளரும்படி தண்ணீர் தேக்கினால் மாநகராட்சி நோட்டீஸ் கொடுக்கலாம். வாரம் தவறாமல் கொட்டிக் கழுவ முடியாதவர்கள் அந்தப் பொறியை வைக்கவே வேண்டாம்.

இனி கடையில் வாங்கும் மருந்துக்கு வருவோம். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இல்லாமல் பூச்சிக்கொல்லி விற்கக் கூடாது. லேபிளில் சதுர வடிவில் நஞ்சின் அளவைக் காட்டும் நிறம் இருக்கவேண்டும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. நஞ்சேறியதன் அறிகுறிகளும் முதலுதவியும் எழுதிய துண்டுத்தாளும் பெட்டிக்குள் இருக்கவேண்டும். குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் மருந்தில் இவை எதுவும் இராது. டைகுளோர்வாஸ் என்ற பூச்சிக்கொல்லி 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது. லேபிள் இல்லாத பாட்டிலில் அது இருக்கிறதா என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

பில் கேளுங்கள். பில் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமும் இல்லை. உரிமமில்லாத விற்பனையை வேளாண் துறையின் பூச்சிக்கொல்லி ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். குடியிருப்புச் சொசைட்டிக்கு மருந்தடிக்க வருபவர்களுக்கும் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள், என்ன மருந்து என்றும் கேளுங்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மருந்து வைத்த அறையில் எத்தனை மணி நேரம் படுக்கக் கூடாது என்று கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

மருந்தடித்தவருக்கு எச்சில் ஒழுகி, வியர்த்து, கண்மணி சுருங்கி, மூச்சுத் திணறினால் தாமதிக்காதீர்கள். மருந்து பட்ட துணியைக் களைந்து, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. 108-ஐ அழைத்து சயான் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்திலுள்ள மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

பூச்சியே வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. ஊரிலிருந்து ரயிலில் செடிக்கன்று கொண்டுவருபவர்கள் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, சுருள் வெள்ளை ஈயின் வெள்ளைச் சுருள் கோடுகள் இருந்தால் கன்றை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.