விழுந்த பெரியவரை நடக்க வைப்போம்



விலைவாசி, வரி, உரிமம் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். இந்த முறை வீட்டுச் செய்தி ஒன்று. ஆனால் இதுவும் கடைச் செய்திதான். தர்மபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என எந்தக் கடைத்தெருவிலும் கல்லாவில் எழுபதைத் தொட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். யாரிடம் கொள்முதல் செய்வது, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவர் மனக்கணக்கில் இருக்கும். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் வீடும் கடையும் சேர்ந்து படுத்துவிடும்.

முறிவது எது?

இடுப்பு எலும்பு என்று நாம் சொன்னாலும், பெரும்பாலும் முறிவது தொடை எலும்பின் மேல்முனை. வயதாக ஆக எலும்பு மெலிகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். நின்ற இடத்தில் சாதாரணமாக விழுந்தாலே முறிந்துவிடும். விழுந்தவரால் நிற்க முடியாமல், அடிபட்ட கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தைலம் தேய்த்தும் கட்டுப் போட்டும் நாளைக் கடத்தக் கூடாது. அந்த இடத்தைக் கட்டினால் பிடித்து நிறுத்த முடியாது. உடல்நிலை இடம் கொடுத்தால் ஓரிரு நாட்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்து உலோக ஆணியோ செயற்கை மூட்டோ வைப்பதுதான் இன்றைய முறை.

படுக்கையே பகை

பலரும் ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வயதானவர் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும். கால் நரம்பில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். முதுகில் படுக்கைப் புண் வரும். தசை நாளுக்கு நாள் கரையும். இந்த முறிவு கண்ட முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரோ அதற்கு மேலோ ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஏற்கெனவே உள்ள நோய்களோடு இந்தப் படுக்கைத் தொல்லைகளும் சேர்ந்துகொள்வது அதற்கு முக்கிய காரணம்.

ஆகவே மருத்துவர் தடை சொல்லாவிட்டால் ஆபரேஷனுக்கு மறுநாளே உட்கார வைத்து, வாக்கர் பிடித்து நிற்க வைப்பார்கள். இதைச் சொல்லிக் கொடுப்பவர்தான் பிசியோதெரபிஸ்ட். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தொடையை இறுக்குவது, குதிகாலை மெல்ல இழுத்து மடக்குவது, ஆழ மூச்சு இழுப்பது ஆகியவை முதல் பாடங்கள். பிறகு நடை, அதன் பிறகு படியேற்றம். அடிபட்ட காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். செயற்கை மூட்டு வைத்தவர் அவர் அனுமதிக்கும் வரை தரையில் உட்காரவோ, குத்துக்காலிடவோ, கால்மேல் கால் போடவோ கூடாது. மண்டியில் மெத்தையில் அமர்ந்து கணக்கு எழுதிப் பழகிய பெரியவருக்கு உயரமான நாற்காலி போடுங்கள். கழிப்பறையும் நாற்காலி உயரத்தில் இருக்க வேண்டும்.

இரக்கமும் கணக்கும்

பயிற்சி பெரும்பாலும் இரண்டு காரணங்களால் நின்றுபோகிறது. ஒன்று இரக்கம். "பாவம், அப்பாவுக்கு வலிக்குது, விட்டுடுங்க" என்று பிள்ளைகளே நிறுத்திவிடுகிறார்கள். வலிக்கு மாத்திரை உண்டு. மருத்துவரைக் கேட்டு, பயிற்சிக்கு முன்னதாகக் கொடுக்கலாம். மற்றொன்று செலவு. ஒரு லோடு சரக்குக்கு முழுப் பணமும் கட்டிவிட்டு, இறக்குக்கூலிக்குப் பார்த்துச் சரக்கை லாரியிலேயே விட்டுவிடுவோமா? ஆபரேஷனுக்குப் பணம் கட்டிவிட்டுப் பயிற்சியை நிறுத்துவதும் அதுபோலத்தான்.

வசதி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் பழைய மாவட்டத்திலிருந்து 2004-ல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வயதாகிவிட்டதே என்று கைவிட வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ராஜமாதா எலிசபெத் 1998-ல் தமது 97-வது வயதில் விழுந்து இடுப்பு முறிந்து, செயற்கை மூட்டு வைத்துக்கொண்டார். மீண்டும் எழுந்து நடந்து 101 வயது வரை வாழ்ந்தார். அவருக்கு இருந்த அரண்மனை வசதி நமக்கில்லை என்பது உண்மை. ஆனால் கால் பழகுவது பயிற்சியால்தான், அரண்மனையால் அல்ல.

செய்ய வேண்டியவை

பெரியவருக்கு ஓர் இலக்கு வையுங்கள். முதலில் கட்டிலிலிருந்து கழிப்பறை, பிறகு திண்ணை, பிறகு கடை. "கல்லா உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்ற ஒரு சொல் அவரைப் பத்தடி கூடுதலாக நடக்க வைக்கும். முட்டை, பால், பருப்பு கொடுங்கள். நம் ஊர்க் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. களியோ கூழோ தினமும் இருக்கட்டும். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எலும்பை வலுப்படுத்தும் மருந்து தேவையா என்றும் கேளுங்கள். ஒருமுறை முறிந்தவருக்கு மறுபடி முறியும் வாய்ப்பு அதிகம்.

விழாமல் காப்பது எல்லாவற்றிலும் மலிவு. குளியலறையில் கைப்பிடிக் கம்பி, கழிப்பறை வழியில் இரவு விளக்கு, தேயாத செருப்பு, ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை ஆகியவை போதும். கடையில் நடைவழியில் மூட்டை அடுக்காதீர்கள். எண்ணெய் சிந்தினால் உடனே துடையுங்கள். கடையை உருவாக்கிய பெரியவர் அதே கடை வாசலில் வழுக்கி விழக் கூடாது. வணிகப் பெருமக்கள் இன்றே தங்கள் வீட்டையும் கடையையும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டுகிறேன்.