அணுமின் நிலையத்தை ஆட்டி வைத்த சிப்பி!

கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குத் தண்ணி காட்டியது யார் தெரியுமா? விரல் நீளச் சிப்பி!

1983-ல் இங்கு முதல் உலை ஓடத் தொடங்கியது. நீராவியைக் குளிர வைக்கக் கடல் தண்ணீர் வேண்டுமே! கடலுக்கு அடியில் 468 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டித் தண்ணீரை இழுத்தார்கள்.

கூடவே சிப்பிக் குஞ்சுகளும் வந்துவிட்டன. ஓயாத நீரோட்டம், வேளைக்கு இரை. விடுமா? பச்சை ஆளி என்கிற இந்தச் சிப்பி, நார் விட்டுச் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒன்றின் மேல் ஒன்றாகக் குடும்பம் பெருகியது. பல நூறு டன்! ஓடுகள் கழன்று வந்து கண்டென்சர் குழாயை அடைத்தால் மின் உற்பத்தி படுத்துவிடும்.

அவ்வப்போது குளோரின் கலந்தால்? பலிக்காது. நெடி பட்டதும் சிப்பி 'டப்'பென்று ஓட்டை மூடிக்கொள்ளும். நெடி போனதும் மறுபடி சாப்பாடுதான். பலே கில்லாடி!

அதனால் கொஞ்சமாக, ஆனால் ராப்பகலா விடாமல் கலக்க வேண்டும். குஞ்சு ஒட்டாது. பெரிசு ஓடு திறக்க முடியாமல் பட்டினி கிடந்து சாகும். அளவு கூடினாலோ வேறு வம்பு. அந்தத் தண்ணீர் திரும்பக் கடலுக்குத்தானே போகிறது! அங்கே மீன் குஞ்சுக்கு ஆபத்து.