ஓட்டுநர் தயார், சிக்னல் இல்லை

1946 மே 23 மாலை அமெரிக்க ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, பயணிகள் ரயில் ஏன் ஓடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நிலக்கரி வேகனை இழுத்ததும் பயணிகள் பெட்டியை இழுத்ததும் ஒரே கம்பெனி. சண்டையும் அந்தக் கம்பெனியோடுதான். ஓட்டுநர் எஞ்சினை விட்டு இறங்கினார், வேலை முடிந்து வீடு திரும்ப வந்த கூட்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. மே 25 அன்று, வேலைநிறுத்தம் செய்வோரை ராணுவத்தில் சேர்க்க அதிகாரம் கேட்டு அதிபர் ட்ரூமன் நாடாளுமன்றத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டுச்சீட்டு வந்தது: சமரசம் ஆகிவிட்டது.

பயணிகளால் நஷ்டம் என்று புலம்பிவந்த கம்பெனிகள் 1971 மே 1 அன்று அந்தச் சுமையைப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் தலையில் இறக்கிவைத்தன. தண்டவாளத்தை மட்டும் விடவில்லை. வாஷிங்டன்–பாஸ்டன் தடத்தின் பெரும்பகுதி பின்னர் ஆம்ட்ராக்குக்கே சொந்தமானது. மற்ற ஊர்களுக்குப் பெரும்பாலும் சரக்குக் கம்பெனிகளின் பாதையில்தான் போக வேண்டும்.

2022 செப்டம்பரில் இதன் விளைவு தெரிந்தது. வேலைநிறுத்தத்துக்குத் தயாரான சரக்கு ரயில் தொழிலாளர்களின் பெரிய குறை விடுப்பு. காய்ச்சலில் படுத்தால் சம்பளமில்லை. சில கம்பெனிகளில் வருகைக் கணக்கில் புள்ளியும் குறையும். ஆம்ட்ராக் ஊழியர்களுக்கு இந்தச் சண்டையில் பங்கே இல்லை. ஆனால் அந்தப் பாதைகளில் அவர்களின் ரயில் அடியெடுத்து வைக்கச் சரக்குக் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் சிக்னல் தர வேண்டும். அவர் எழுந்து போய்விட்டால்?

உடன்பாட்டுக்கான கெடு செப்டம்பர் 15 நள்ளிரவோடு முடிய இருந்தது. சிகாகோவிலிருந்து கலிபோர்னியா செஃபிர் ரயில் மேற்குக் கரையின் எமரிவில் போய்ச் சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். நடுவில் ராக்கி மலையில் சிக்கினால் பயணிகளை எங்கே இறக்குவது? அதனால் 13-ஆம் தேதியிலிருந்தே நெடுந்தூர ரயில்களை ரத்து செய்யத் தொடங்கினார்கள். 15 விடியுமுன் உடன்பாடு வந்துவிட்டது. நடக்காத வேலைநிறுத்தத்துக்காக ரயில் நின்ற விசித்திரத்தை ட்ரூமன் காலத்துப் பயணியிடம் சொன்னால் சிரித்திருப்பார்.

சிகாகோ புறநகர்வாசிகளின் பாடு இன்னும் வேடிக்கை. பெட்டியில் எழுதியிருப்பது புறநகர் ரயில் நிறுவனமான மெட்ராவின் பெயர். ஆனால் யூனியன் பசிபிக், பிஎன்எஸ்எஃப் தடங்களில் அதை அப்போது ஓட்டியவர்கள் அந்தந்தச் சரக்குக் கம்பெனியின் ஊழியர்கள். வேலைநிறுத்தம் வந்தால் அந்தத் தடங்களில் வண்டி இல்லை என்று மெட்ரா முன்கூட்டியே கைவிரித்தது. வேறு சில தடத்துக்காரர்கள் வழக்கம்போல் ஆபீஸ் போயிருப்பார்கள்.

சில யூனியன்கள் அந்த உடன்பாட்டை நிராகரிக்க, நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதையே திணித்தது. தொழிலாளர் பக்கம் நிற்பவர் என்று சொல்லிக்கொண்ட அதிபர் பைடன் டிசம்பர் 2 அன்று கையெழுத்திட்டார். சம்பளத்தோடு ஏழு நாள் நோய் விடுப்பு என்ற தனித் தீர்மானம் செனட்டில் தோற்றது. அடுத்த ஆண்டு கம்பெனிகளே யூனியன் யூனியனாகப் பேசி, சில நாள் விடுப்பு கொடுக்கத் தொடங்கின.