கடைசி மூச்சு யாருடைய முடிவு?

“இனி மீள வழியில்லை என்றானால் சுவாசக் கருவியை எடுத்துவிடுங்கள்.” செபராங் ஜெயாவில் என் வயதுக்காரர்கள் சிலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லைக் காக்க மலேசியாவில் தனிச் சட்டம் இல்லை.

மும்பையில் தாதியாக இருந்த அருணா ஷான்பாக் 1973-இல் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 2015-இல் இறக்கும்வரை 41 ஆண்டுகளுக்கு மேல் சுயநினைவின்றிப் படுக்கையில் கிடந்தார். 2011-இல் அவரைக் கருணைக்கொலை செய்ய அனுமதி மறுத்த இந்திய உச்ச நீதிமன்றம், மீளவே முடியாதவர்களுக்குச் சிகிச்சையை நிறுத்த வழிவிட்டது. 2018-இல், முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலையும் ஏற்றது. சிங்கப்பூர் 1996-லேயே இதற்குச் சட்டம் இயற்றிவிட்டது. ஊசி போட்டு உயிரை முடிப்பது இரு நாடுகளிலும் இன்றும் குற்றமே.

சொத்துக்காகப் பிள்ளைகளே அவசரப்பட்டால்? நியாயமான அச்சம்தான். அதனால்தான் இரண்டு சாட்சிகள், மருத்துவர்களின் உறுதிமொழி என்று அங்கே வேலி போட்டிருக்கிறார்கள். வேலியே இல்லாத இடத்தில்தான் ஆபத்து அதிகம்.

தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று 2023-இல் சட்டத்தைத் திருத்தியது நம் நாடாளுமன்றம். அதே துணிவோடு நம் உறுப்பினர்கள் முதலில் மருத்துவ உயிலுக்குச் சட்டம் கொண்டுவரட்டும். கருணைக்கொலை பற்றியும் ஒளிவுமறைவின்றி விவாதிக்கட்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாமும் இதைக் கேட்போம்.