அம்புக்குறி இருந்தால் லட்சங்களில் விலையா? - தாத்தா காலத் துப்பாக்கியும் ராணுவ முத்திரையும்!

ஜவ்வாதுமலைப் பக்கம் துப்பாக்கி என்றாலே நாட்டுத் துப்பாக்கிதான். குழல் வாய் வழியே கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டு, கெட்டித்துச் சுடும் ரகம். பட்டறையில் உருவான அவற்றில் பொதுவாக எந்த முத்திரையும் இருக்காது. ஆனால், வீட்டுப் பரணில் பழைய கம்பெனித் துப்பாக்கி ஒன்று கிடைத்து, அதில் அம்புக்குறியோ கிரீடமோ தெரிந்தால்? 'ராணுவத் துப்பாக்கி... லட்சக்கணக்கில் போகும்' என்ற ஆசை வருவது இயல்பு. அந்த முத்திரைக்கு உண்மையில் என்ன மதிப்பு?

முத்திரை சொல்லும் கதை

பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கான அடையாளம், அகன்ற அம்புக்குறி. இரண்டு அம்புகள் முனையோடு முனை பார்த்து நின்றால், அரசுப் பணியிலிருந்து விலக்கி விற்கப்பட்டது என்று பொருள். அமெரிக்காவில் 'யு.எஸ்.' எழுத்துகளும், தீப்பற்றிய குண்டுச் சின்னமும்.

முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சண்டைக்கு அமெரிக்க வீரர்கள் கொண்டுசென்ற வின்செஸ்டர் 1897 ரகத் துப்பாக்கியை எதிர்த்து, 1918-ல் ஜெர்மனி கண்டனமே தெரிவித்தது. அந்த வரலாற்றுக்காகவே, சாதாரண வேட்டை ரகத்தைவிட ராணுவ முத்திரை கொண்டதற்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள்.

விலை கூடும் இடத்தில் போலியும் வரும். அதனால் முத்திரையை மட்டும் நம்பாமல், வரிசை எண் பொருந்துகிறதா, முத்திரையும் சுற்றியுள்ள இரும்பும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பளபளப்பாகத் தேய்த்து மெருகேற்றினால் மதிப்பு குறையும்.

இங்கே சட்டம்தான் முதலில்

அந்த விலை இங்கே அப்படியே பொருந்தாது. ஆயுதச் சட்டம் 1959-ன்படி, உரிமம் இருந்தால்தான் துப்பாக்கி வைத்திருக்க முடியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் அனுமதி இல்லை. எனவே, வாங்கும் கைகள் குறைவு.

பழைமையானது, பழுதுபார்த்தாலும் சுட முடியாதது என்றால் பிரிவு 45 விலக்கு தருகிறது. 'பழசுதானே' என்று நாமே முடிவுசெய்யக் கூடாது. துப்பாக்கியில் உள்ள எண்ணையோ அடையாளத்தையோ அழிப்பது, மாற்றுவது, போலியாகப் பொறிப்பது எல்லாமே பிரிவு 8-ன்படி தடைசெய்யப்பட்டவை.

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வாரிசுகள் தாமதிக்காமல் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு தங்கள் பெயரில் உரிமம் பெற்றுத் திரும்பப் பெறலாம்; உரிமம் உள்ளவருக்கு விற்கவும் செய்யலாம்.

முத்திரைக்கு விலை கேட்பதற்கு முன், உரிமத்தைத் தேடுங்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால், எவ்வளவு அரிய முத்திரையும் வழக்கில்தான் கொண்டுபோய் நிறுத்தும்!